டிசம்பரில் ஏரல் பயணம்: மழையையும் வெள்ளத்தையும் எத்தனை நாளுக்கு முன்பு அறிய முடியும்?

பொருநைமகள் (ஈசூன்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கார்த்திகை மாதக் கடைசி முகூர்த்தத்தில் என் கொழுந்தனுக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஏரலில் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் நாள் வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் குடும்பம் இன்னும் மறக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கைத்தொலைபேசிச் செயலியில் ஏரலைத் தேடிப் பார்த்தேன். "இடியுடன் மழை, 42 மி.மீ." என்று இருந்தது. இங்கே சிங்கப்பூரில் ஒரு பிற்பகலில் பெய்யும் மழைதானே என்று எண்ணித் தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போய்விட்டோம். மறுநாள் விடியும்போது மாமனாரும் மாமியாரும் மொட்டைமாடிக்கு ஏறும் படிக்கட்டில் அமர்ந்திருந்தார்கள். அதன் பிறகு இரண்டு நாள் அவர்களுடன் தொலைபேசித் தொடர்பே கிடைக்கவில்லை.

என் கேள்வி இதுதான். மேற்கே பொதிகை மலையும் கிழக்கே கடலுமாக இருக்கும் அந்தப் பகுதியில், வெள்ளம் வருமா என்பதைச் சாதாரண மனிதர் எத்தனை நாளுக்கு முன்பு, எதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும்?

வடிகால்காரர் (சுவா சூ காங்) எழுதியது:

நான் வடிகால் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். வானிலை அறிஞன் அல்லன். இருந்தாலும் அந்த 42 மி.மீ. எப்படி வந்திருக்கும் என்பதைச் சொல்ல முடியும். உலக அளவிலான கணினி மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சராசரி மழையைக் கணக்கிடுகின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறை அப்போது பயன்படுத்திய உலக மாதிரியில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 12 கி.மீ. அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் மலைச்சரிவும் பள்ளத்தாக்கும் சமவெளியும் ஒரே உயரமாக மழுங்கிவிடுகின்றன. ஒரே இடத்தில் நின்று பொழியும் மேகக்கூட்டமும் அப்படியே கரைந்துபோகிறது. செயலி செய்வதெல்லாம், இத்தகைய மாதிரி ஒன்றின் ஒற்றை எண்ணை எடுத்து, அதன் மேல் உங்கள் ஊர்ப் பெயரை ஒட்டுவதுதான். எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதை அது காட்டுவதில்லை. என் கோபமெல்லாம் அதன் மேல்தான்.

அன்று என்ன நடந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். குமரிக்கடலை ஒட்டி ஒரு வளிமண்டலச் சுழற்சி அசையாமல் நின்றது. கிழக்குக் காற்று ஈரத்தை இடைவிடாமல் கரையை நோக்கித் தள்ளியது. 18ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. பதிவாயின. சிங்கப்பூரில் ஒரே நாளில் பதிவான மிக அதிக மழை, 1978 டிசம்பர் 2 அன்று பாயா லேபாரில் பெய்த 512.4 மி.மீ. காயல்பட்டினத்தில் கொட்டியது அதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்திய வகைப்பாட்டில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை, 204.4 மி.மீ.க்கு மேல் அதிகனமழை. அதற்கு மேல் படியே இல்லை. 21 செ.மீ. பெய்தாலும் 95 செ.மீ. பெய்தாலும் ஒரே சொல்தான். எச்சரிக்கையின் நிறமும் பெரும்பாலும் ஒரே சிவப்புதான். ஆகவே சிவப்பு என்பதைக் கீழ்வரம்பாகப் படியுங்கள், மேல்வரம்பாகப் படிக்காதீர்கள். எச்சரிக்கை எப்போது வந்தது என்று மத்திய, மாநில அரசுகள் பின்னர் பகிரங்கமாக வாதிட்டன. இந்தக் கூரையில்லாத கடைசிப் படியைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

விகேபுரத்தான் (ஜூரோங் வெஸ்ட்) எழுதியது:

வடிகால்காரர் ஐயா மழையைப் பற்றிச் சொல்லிவிட்டார்; நான் தாமிரபரணி ஆற்றைப் பற்றிச் சொல்கிறேன். நான் பாபநாசத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் முதலில் கேட்கும் கேள்வி "அணை எத்தனை அடி?" என்பதுதான். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு அணைக்கு 118 அடி. இரண்டும் தலைக்கு ஏறத்தாழ ஐந்தரை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர் கொள்பவை. நூறு சதுர கி.மீ. மலைப்பரப்பில் 30 செ.மீ. மழை பெய்து அவ்வளவும் ஓடிவந்தால், அதுவே ஒரு டி.எம்.சி.யைத் தாண்டிவிடும். ஐப்பசியில் அணை பாதி காலியாக இருந்தால் இந்த மழையை வாங்கிக்கொள்ளும். கார்த்திகைக் கடைசியில் நிரம்பி நின்றால் வருகிற தண்ணீரை அப்படியே கீழே விட்டாக வேண்டும். ஒரே மழை இரு மாதங்களில் இரு வேறு வெள்ளமாவது இப்படித்தான்.

ஆனால் அணையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் 2023இல் ஏமாந்தார்கள். அம்முறை மலையிலும் பெருமழைதான். என்றாலும் உச்சம் கடலோரச் சமவெளியில் விழுந்தது. அங்கே விழுந்த தண்ணீரைத் தடுக்க எந்த அணையும் இல்லை. இருப்பவை குளங்கள். ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போவதுதான் அங்குள்ள ஏற்பாடு. மேலே ஒரு கரை உடைந்தால் கீழே இருக்கும் குளம் தன் தண்ணீரோடு அந்தத் தண்ணீரையும் சேர்த்து ஒரே நேரத்தில் சுமக்க வேண்டியிருக்கும். போதாததற்கு, கடனாநதி திருப்புடைமருதூரிலும் சிற்றாறு சீவலப்பேரியிலும் ஆற்றில் கலந்துவிடுவதால், மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளுக்கு எல்லாம் திரண்ட பிறகுதான் தண்ணீர் வந்து சேர்கிறது. ஏரல் அதற்கும் கீழே.

எங்கள் ஊர்க்காரர்கள் திருநெல்வேலிக்குப் போன் போட்டால் "குறுக்குத்துறை முருகன் கோயில்ல தண்ணி எதுவரைக்கும்?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. அதன் முகப்பு வெள்ளத்தைப் பிளக்கும் படகின் மூக்குப் போலக் கட்டப்பட்டிருக்கும். வெள்ளம் ஏறும்போது உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மண்டபம் மூழ்கிவிட்டது என்ற செய்தி வந்தால், ஏரல்காரர்களுக்கு இன்னும் சில மணி நேரம் இருக்கிறது என்று பொருள். சமவெளியில் மழை இல்லாத நாளில் மட்டும்தான் இந்தக் கணக்கு செல்லும்.

பொருநைமகள்:

இருவருக்கும் நன்றி. அண்ணாச்சி, உற்சவரை மேலே கொண்டுபோகிறார்கள் என்றால் பெட்டியைக் கட்டு என்று என் மாமியாரும் சொல்வார். ஆனால் விமானச்சீட்டை ஈசூனில் இருந்தல்லவா முடிவு செய்ய வேண்டியிருக்கிறது? பத்து நாளுக்கு முன்பே ஏதாவது தெரியுமா?

வடிகால்காரர்:

பத்து நாளுக்கு முன்பு தெரிவது, வங்கக்கடலின் தெற்கில் ஏதேனும் உருவாகும் சாயல் இருக்கிறதா என்பது மட்டும்தான். ஐந்து நாள் இருக்கும்போது ஒற்றை எண்ணை விட்டுவிட்டுக் குழுமக் கணிப்பைப் பாருங்கள். ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி 50 தடவை கணக்குப் போடுகிறது. அவற்றில் நாற்பது சாதாரண மழையையும் பத்து பேய்மழையையும் காட்டினால், சராசரி எண் உங்களுக்கு அமைதியான செய்தியைத்தான் சொல்லும். நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் பத்தை. சுழற்சி நகர்கிறதா, நிற்கிறதா என்பதையும் கேளுங்கள். நகரும் புயலைவிட நிற்கும் சுழற்சியே அங்கு ஆபத்தானது.

கடைசி நாளில் இந்திய வானிலைத் துறையின் மாவட்ட எச்சரிக்கையும், தென்னாசியத் திடீர்வெள்ள வழிகாட்டி அமைப்பின் அறிவிப்பும் உதவும். 2020இல் தொடங்கிய அந்த அமைப்பு மண் ஏற்கெனவே எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதையும் கணக்கில் கொண்டு, 24 மணி நேரத்துக்கான அபாயத்தையும் 6 மணி நேரத்துக்கான அச்சுறுத்தலையும் சிறு சிறு நீர்ப்பிடிப்பு வாரியாகச் சொல்கிறது. ராடார் படத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ராடாரின் அலைக்கற்றை அரை டிகிரி சாய்வில் கிளம்பினால் 150 கி.மீ. தொலைவில் அது தரையிலிருந்து இரண்டரை கி.மீ. உயரத்தில் போகும், அதற்குக் கீழே பெய்வது தெரியாது. நடுவில் மலை நின்றால் அப்பால் இருப்பதும் தெரியாது. நம் தீவில் எல்லாமே சில பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுவதால் இந்தத் தொல்லை நமக்குப் பழக்கமில்லை.

விகேபுரத்தான்:

தேதி மாற்றக்கூடிய சீட்டாக எடுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் போய் இறங்கும் வழக்கத்தை இம்முறை விட்டுவிட்டு நான்கு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். கல்யாண மண்டபம் ஆற்றங்கரையிலா, மேட்டிலா என்று கொழுந்தனிடம் இன்றைக்கே கேளுங்கள். கடம்பாகுளம் மறுகால் பாயத் தொடங்கியதா என்பதையும் ஊரில் ஒருவர் உங்களுக்குத் தினமும் சொல்லட்டும்.

பொருநைமகள்:

கேட்டுவிட்டேன், அண்ணாச்சி. மண்டபம் ஆற்றுப்பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறதாம். முன்பணம் கொடுத்தாகிவிட்டது, திருச்செந்தூர்ச் சாலையில் மேட்டுப்பாங்கான இன்னொரு மண்டபம் அதே நாளில் காலியாக இருக்கிறதா என்று மாமனார் நாளை போய் விசாரிக்கிறார்.