கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று: ஆக்டர்களுக்கிடையே ஃபியூச்சர்களைக் கோத்த அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

ஆக்டர்களிடமிருந்து (செய்திகள் வழியே பேசிக்கொள்ளும் நிரல் அலகுகள்) வரும் ஃபியூச்சர்களை (பின்னர் வரவிருக்கும் மதிப்புக்கான வாக்குறுதிகள்) ஒன்றோடொன்று கோக்கும்போது, தரவின் வகை எந்த இடத்தில் நம் கையை விட்டு நழுவுகிறது என்பதை அவரவர் அனுபவத்திலிருந்து பகிர்ந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலில் என்னுடையது.

ஸ்கேலா மொழியில், அக்கா (Akka) நூலகத்தின் கிளாசிக் எனப்படும் பழைய வகை ஆக்டர்களைக் கொண்டு எழுதப்பட்ட ஓர் ஆர்டர் சேவையைப் பராமரிக்கும் பொறுப்பு எங்கள் குழுவுக்கு வந்தது. கையிருப்பைக் கவனிக்கும் ஆக்டரிடமும் விலையைக் கவனிக்கும் ஆக்டரிடமும் 'ஆஸ்க்' முறையில் (பதிலை ஃபியூச்சராகப் பெறும் வழி) கேட்டு, இரண்டு பதில்களையும் ஒரு ஃபார் கோவையில் (ஃபியூச்சர்களை இணைக்கும் தொடரமைப்பு) சேர்த்து ஒரே முடிவாக அனுப்புவதுதான் அதன் வேலை. கிளாசிக் ஆக்டருக்கு எந்தச் செய்தியையும் அனுப்பலாம், எந்தப் பதிலும் திரும்பி வரலாம் என்பதால், ஆஸ்க் தருவது எப்போதும் ஃபியூச்சர்[எனி], அதாவது எந்த வகை மதிப்பும் இருக்கக்கூடிய ஃபியூச்சர், மட்டுமே. அதை 'மேப்-டூ' கொண்டு நமக்கு வேண்டிய வகைக்கு மாற்றிக்கொள்கிறோம். அந்த மாற்றம் நடப்பது நிரல் ஓடும்போது. கம்பைலர் அதில் எதையும் சரிபார்ப்பதில்லை.

ஒரு நாள் கையிருப்பு ஆக்டர் பொருள்களின் பட்டியலுக்குப் பதிலாகக் கிடங்கு வாரியான பதிவுகளின் பட்டியலைத் திருப்பும்படி மாற்றப்பட்டது. பெறும் பக்கத்தில் மேப்-டூ[லிஸ்ட்[பொருள்]] என்றே இருந்தது. ஸ்கேலா நிரல் ஓடும் ஜேவிஎம்-இல் ஜெனரிக் அளவுருக்கள் (லிஸ்ட்டுக்குள் இருப்பது எந்த வகை என்பது போன்ற குறிப்புகள்) கம்பைலுக்குப் பின் அழிந்துவிடுவதால், மேப்-டூ பார்ப்பதெல்லாம் வந்தது லிஸ்ட்டா இல்லையா என்பதைத்தான். லிஸ்ட் வந்தது, சோதனை தேறியது. அடுத்த மேப்பில் (ஃபியூச்சரின் மதிப்பை மாற்றும் படி) முதல் உறுப்பைத் தொட்டபோது வகைமாற்றப் பிழை எழுந்தது. ஆனால் கோவையின் கடைசியில் எந்தப் பிழை வந்தாலும் வெற்றுப் பட்டியலைத் தரும் ஒரு 'ரிகவர்' (பிழைக்குப் பதிலாக மாற்று மதிப்பைத் தரும் படி) காத்திருந்ததால், பயனர்களுக்கு எல்லாப் பொருள்களும் தீர்ந்துவிட்டதாகத் தெரிந்தது. லாகில் (நிரலின் நிகழ்வுப் பதிவேட்டில்) ஒரு வரிகூட இல்லை. வகைப் பிழை ஒரு வணிகத் தகவலாக வேடமிட்டு வந்ததுதான் இதில் எனக்கு மிகவும் அச்சமூட்டியது.

மறுமொழி 1

எங்களிடம் அது வேறு வேடத்தில் வந்தது. அனுப்பும் பக்கத்தில் செய்தி வகுப்புக்குப் பதிலாக அதன் துணைப்பொருளையே (வகுப்பின் பெயரையே கொண்ட ஒற்றைப் பொருள்) ஒருவர் அனுப்பியிருந்தார்; அடைப்புக்குறிகளும் அளவுருவும் விடுபட்டுப்போயிருந்தன. எதையும் ஏற்கும் ஆக்டர் என்பதால் கம்பைலர் மறுப்புச் சொல்லவில்லை. பெற்ற ஆக்டரோ தனக்குத் தெரியாத செய்தியைக் கையாளப்படாதது என்று ஒதுக்கிவிட்டது. அதற்கான அமைப்பைத் தனியாக இயக்கி வைத்தாலன்றி அந்த ஒதுக்கல் லாகில் தெரியாது. கேட்டவருக்குக் கிடைத்தது காலக்கெடு கடந்ததற்கான பிழை மட்டும். எனவே பிணையத்தில் தாமதம் என்று முடிவுகட்டி 5 விநாடியாக இருந்த காலக்கெடுவை 30 விநாடியாக உயர்த்தினார்கள். பதில் வரவே வராத ஒன்றுக்காகப் பயனர்கள் கூடுதலாகக் காத்திருந்ததுதான் மிச்சம்.

மறுமொழி 2

ஜாவா பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அங்கே ஆஸ்க் திருப்புவது, ஃபியூச்சருக்கு இணையான கம்ப்ளீஷன்-ஸ்டேஜ்<ஆப்ஜெக்ட்>. ஒரு ஆக்டர் தரவுத்தளத்தை அழைத்துக் கிடைத்த ஸ்டேஜை 'பைப்' செய்யாமல் (முடிந்த பின் மதிப்பை மட்டும் அனுப்பாமல்), அந்த ஸ்டேஜையே அனுப்பியவருக்குச் செய்தியாக 'டெல்' செய்திருந்தது (அனுப்பியிருந்தது). டெல் ஏற்பது ஆப்ஜெக்ட், ஸ்டேஜும் ஆப்ஜெக்ட்தானே. மதிப்பைக் கேட்டவருக்கு இன்னும் முடியாத ஒரு வாக்குறுதி போய்ச் சேர்ந்தது. பெறும் பக்கத்தில் அதற்கேற்றாற்போல் ஒருவர் ஸ்டேஜுக்கு மாற்றிப் படித்தும் வைத்திருந்ததால், இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு ஒரே இயந்திரத்தில் நன்றாகவே ஓடின. இரண்டு ஆக்டர்களும் வெவ்வேறு கணினிகளுக்குப் பிரிக்கப்பட்டபோது ஸ்டேஜைச் சீரியலைஸ் செய்ய (பைட்டுகளாக மாற்றி அனுப்ப) முடியாமல் எல்லாம் நின்றது.

மறுமொழி 3

தொடக்கப் பதிவில் வந்த ரிகவரைப் பற்றி ஒரு சொல். ரிகவர், மூல ஃபியூச்சரின் வகையையோ அதற்கு மேலான வகையையோ திருப்பலாம் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஃபியூச்சர்[இன்ட்] ஒன்றில் பிழை வந்தால் ஒரு சரத்தைத் திருப்புமாறு எழுதினால், கம்பைலர் இரண்டுக்கும் பொதுவான மேல்வகையைத் தேடி, சத்தமில்லாமல் ஃபியூச்சர்[எனி]-யில் போய் நிற்கும். அந்த முடிவை யாராவது சரத்துக்குள் செருகிப் பதிலாக அனுப்பினால் எந்த எச்சரிக்கையும் இருக்காது. அதாவது ஆக்டரை முழுக்க விலக்கிவிட்டாலும், கோவைக்குள்ளேயே வகை கரைந்துபோகிறது. எங்கள் குழுவில் இதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் வைத்தோம்: இடைநிலை ஃபியூச்சர்களுக்கெல்லாம் வகையைக் கையால் எழுத வேண்டும், வகை தானாக எனி ஆகும் இடங்களைக் காட்டும் லின்ட் என்ற கம்பைலர் தேர்வை இயக்கி, எச்சரிக்கைகளைப் பிழைகளாக்க வேண்டும்.

ஃபியூச்சர்[யூனிட்] இதைவிட மோசம் (யூனிட் என்பது பயனுள்ள மதிப்பு எதுவுமில்லை என்பதைக் குறிக்கும் வகை). யூனிட் எதிர்பார்க்கப்படும் இடத்தில் எந்த மதிப்பு வந்தாலும் கம்பைலர் அதைத் தூக்கியெறிந்துவிட்டு யூனிட்டை வைத்துக்கொள்ளும். ஃபிளாட்மேப் (உள்ளே தொடங்கும் ஃபியூச்சரையும் கோவையில் சேர்க்கும் படி) வேண்டிய இடத்தில் மேப் எழுதிவிட்டால், உள்ளே தொடங்கிய ஃபியூச்சர் எறியப்படுகிறது. அதன் பிழையும் அதோடு போய்விடுகிறது. வெளி ஃபியூச்சர் 'முடிந்தது' என்று சொல்லும்போது பதிவு இன்னும் சேமிக்கப்பட்டிருக்காது. மதிப்பை எறிவதை எச்சரிக்கும் கம்பைலர் தேர்வு இருந்தும், பெரும்பாலான திட்டங்களில் அது இயக்கப்படாமலேயே கிடக்கிறது.

மறுமொழி 4

நாங்கள் செய்திகளின் வகையைக் கம்பைலரே சரிபார்க்கும் அக்கா டைப்ட் பக்கம் மாறியவர்கள். இந்தச் சிக்கலுக்கு அந்த நூலகத்தார் முன்பே விடை தேடியிருக்கிறார்கள்: 2013-இல் வந்த 2.2 பதிப்பில் மேக்ரோக்களைக் (கம்பைலின்போது நிரலை உருவாக்கும் கருவிகள்) கொண்டு டைப்ட் சேனல்கள் என்று ஒரு சோதனை முயற்சி இருந்தது; எந்தச் செய்திக்கு எந்தப் பதில் என்ற இணைகளை வகையிலேயே எழுதிவைத்து, ஆஸ்க்கின் விளைவையும் அதற்கேற்ற ஃபியூச்சராகத் தர அது முயன்றது. பின்னர் அது கைவிடப்பட்டது. 2019-இல் 2.6 பதிப்போடு நிலைபெற்ற டைப்ட் ஏபிஐ அதைவிட எளிய வழியில் போகிறது. கேட்பவரின் முகவரி செய்திக்குள்ளேயே, பதிலின் வகையைச் சுமந்துகொண்டு, ஒரு புலமாகச் செல்கிறது. விலையைக் கேட்கும் செய்தியில் ஆக்டர்-ரெஃப்[விலைப்பதில்] என்று ஒரு புலம் இருந்தால், பதிலளிப்பவர் வேறெதையும் அதற்கு அனுப்ப முடியாது. ஆஸ்க்கும் ஃபியூச்சர்[விலைப்பதில்] என்றே தருகிறது. மேப்-டூவுக்கு அங்கே இடமில்லை.

அனுப்பியவரைத் தரும் 'சென்டர்' என்ற செயற்கூறு ஒழிந்தது அடுத்த நன்மை. கிளாசிக்கில் ஃபியூச்சரின் கால்பேக்குக்குள் (ஃபியூச்சர் முடிந்ததும் ஓடும் நிரல் துண்டு) சென்டரை அழைத்தால், அது ஓடும் நேரத்தில் ஆக்டர் வேறொருவரின் செய்தியைக் கையாண்டுகொண்டிருக்கலாம். ஒருவருக்குரிய பதில் இன்னொருவருக்குப் போய்விடும். வகை சரியாகவே இருக்கும், ஆள்தான் மாறியிருப்பார். முகவரி செய்திக்குள் இருப்பதால் இப்போது அந்தக் குழப்பம் வருவதில்லை.

ஃபியூச்சரின் முடிவை ஆக்டருக்குள் கொண்டுவர 'பைப்-டூ-செல்ஃப்' இருக்கிறது. வெற்றி, தோல்வி இரண்டையும் ஆக்டரின் சொந்தச் செய்தி வகைக்கு மாற்றும் செயற்கூற்றைக் கொடுத்தால்தான் அது கம்பைல் ஆகும். கிளாசிக் பைப்-டூவில் தோல்வி ஸ்டேட்டஸ்.ஃபெயிலியர் என்ற தனிச் செய்தியாக வந்து, அதை யாரும் எதிர்பாராததால் கவனிப்பாரற்றுக் கிடக்கும். செய்திகளைச் சீல்ட் டிரெய்ட்டின் (துணைவகைகள் யாவும் கம்பைலருக்கு முன்பே தெரிந்த வகை) கீழ் வைத்துவிட்டால், விடுபட்ட நிலையைக் கம்பைலரே சுட்டிக்காட்டுகிறது. நாங்கள் மாறிய வாரத்தில் வந்த எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் தோல்வி நிலைகளைப் பற்றியவைதாம்.

ஆனால் கணினிகளுக்கு இடையே போகும் செய்திக்கு இந்த உறுதி பொருந்தாது. இரண்டு பக்கமும் வெவ்வேறு பதிப்புகளில் ஓடினால், சீரியலைஸ் செய்யப்பட்ட பைட்டுகளுக்குக் கம்பைலரின் வாக்கு தெரியாது. பதில் வந்தே தீரும் என்றும் வகை சொல்வதில்லை. வந்தால் இதுவாக இருக்கும் என்று மட்டுமே சொல்கிறது.

மறுமொழி 5

ஸ்விஃப்ட் மொழியின் 5.5 பதிப்பில், 2021-இல், ஆக்டர்கள் மொழிக்குள்ளேயே வந்தன. மெத்தடின் திரும்பும் வகை அவெய்ட் செய்யும்போதும் (முடிவுக்காகக் காத்திருக்கும்போதும்) அப்படியே நிற்பதால், இங்கே சொல்லப்பட்ட எனி குழப்பம் எதுவும் எங்களுக்கு இல்லை. ஆனால் அவெய்ட்டில் நிற்கும் இடைவெளியில் அதே ஆக்டர் வேறு அழைப்பை ஏற்றுக்கொள்ளும். அவெய்ட்டுக்கு முன் சரிபார்த்த இருப்பு, திரும்பி வரும்போது மாறியிருக்கலாம். இதை எந்த வகையும் காட்டிக்கொடுப்பதில்லை.

தொடக்கப் பதிவர்

நன்றி. எங்கள் சேவை முழுவதையும் டைப்டுக்கு மாற்ற இப்போது வழியில்லை. ஆகவே கிளாசிக் ஆக்டர்களைத் தொடும் ஆஸ்க்குகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பிலுள்ள உறைச் செயற்கூறுகளுக்குள் அடைத்துவிட்டோம். வெளியே வருவது வகை குறிக்கப்பட்ட ஃபியூச்சர் மட்டுமே. வெறும் லிஸ்ட்டைப் பதிலாக அனுப்பாமல், அதை ஒரு கேஸ் கிளாஸுக்குள் (தனிப் பெயர் கொண்ட தரவு வகுப்பு) வைத்து அனுப்புவதால் மேப்-டூவின் சோதனைக்கும் இப்போது பொருள் இருக்கிறது. வெற்றுப் பட்டியலைத் தந்த அந்த ரிகவர், காலக்கெடுப் பிழையை மட்டும் பிடிக்குமாறு சுருக்கப்பட்டுவிட்டது. வகைமாற்றப் பிழை இனி நேராக மேலே போய் லாகில் விழும்.