எம்.இ. தெர்மலுக்குப் பிறகு பிஎச்.டி.: வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமா, வேலையை விட்டு முழுநேரமா?

கேள்வி: கொங்கு_மெக்கானிக்கல்

அனைவருக்கும் வணக்கம். நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் துறை உதவிப் பேராசிரியராகப் பணிபுரிகிறேன். எம்.இ. தெர்மல் படித்தபோது லித்தியம் அயனி மின்கலங்களைப் பாரஃபின் கொண்டு, அதாவது பிசிஎம் என்று நாம் சொல்லும் நிலைமாற்றப் பொருள் கொண்டு, குளிர்விப்பது குறித்து ஒரு சிறிய ஆய்வு செய்தேன். அதே துறையில் பிஎச்.டி. செய்ய விரும்புகிறேன். இணைப் பேராசிரியர் ஆவதற்குப் பிஎச்.டி. கட்டாயம் என்பதால் கல்லூரி நிர்வாகமும் பதிவு செய்யச் சொல்கிறது. வேலையில் இருந்தபடியே அண்ணா பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் பதிவு செய்வதா, கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஐ.ஐ.டி. அல்லது என்.ஐ.டி. ஒன்றில் முழுநேரமாகச் சேர்வதா என்று முடிவெடுக்க இயலவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுக்கு_அருகில்

தம்பி, நான் பல ஆண்டுகளாக நெறியாளராக இருப்பவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பகுதிநேரமா முழுநேரமா என்பதற்கு முன்பே நெறியாளர் யார், அவரிடம் என்ன ஆய்வகம் இருக்கிறது என்பவற்றை முடிவு செய்துகொள்ளுங்கள். யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைகளின்படி, ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும் இணைப் பேராசிரியர் 6 பேரையும் உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே வழிநடத்தலாம். பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரைச் சேர்க்க இயலாது. எனவே ஒருவரை அணுகும்போது அவரிடம் காலியிடம் உண்டா, அவர் ஓய்வுபெறும் ஆண்டு எது என்று தயங்காமல் கேளுங்கள். இது மரியாதைக் குறைவான கேள்வி அன்று. அவரிடம் இப்போது ஆய்வு செய்பவர்களைத் தனியே சந்தித்து, முன்பு முடித்தவர்களுக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று விசாரியுங்கள். இணையதளத்திலுள்ள கட்டுரைப் பட்டியலைவிட அந்த விசாரணையில் உங்களுக்கு அதிகம் தெரியவரும்.

பணத்தைப் பொறுத்தவரை, 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயாகவும் எஸ்.ஆர்.எஃப். என்னும் முதுநிலை ஆய்வு உதவித்தொகை 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன, ஐ.ஐ.டி.களின் உதவித்தொகையும் இதே அளவில்தான் இருக்கிறது. பல சுயநிதிக் கல்லூரிகள் இன்று தரும் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது குறைவு என்று சொல்லிவிட முடியாது. உங்கள் கடன் தவணையை வைத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

பதில் 2: வெப்பச்சோதனை

முந்தைய பதிலோடு முழுவதும் உடன்படுகிறேன். நான் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் வெப்பப் பரிமாற்றத்தில் முழுநேரமாகச் செய்முறை ஆய்வு செய்கிறேன். நீங்கள் எடுத்திருக்கும் தலைப்பையே எடுத்துக்காட்டாக வைத்து, ஆய்வகம் ஏன் முக்கியம் என்று விளக்க முயல்கிறேன்.

பாரஃபினின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 0.2 வாட்தான். அதனால்தான் விரிவாக்கப்பட்ட கிராஃபைட், உலோக நுரை, நானோ துகள் என்று எதையாவது சேர்த்து அதை உயர்த்தும் கட்டுரைகள் மலைபோல் குவிந்துள்ளன. 'இன்ன துகளை இத்தனை சதவீதம் சேர்த்தேன், வெப்பநிலை குறைந்தது' என்ற அளவிலான வேலை எம்.இ.க்குப் போதும், ஆனால் பிஎச்.டி. ஆய்வை மதிப்பிடும் டாக்டோரல் கமிட்டியின் முன் நிற்காது. ஏன் குறைந்தது, எந்த எல்லைக்குப் பிறகு குறையாது, பலமுறை உருகி உறைந்த பிறகும் அந்தப் பலன் நிலைக்கிறதா என்ற கேள்விகளுக்கு உங்களிடம் அளவீடு இருக்க வேண்டும்.

அளவீடு என்று வந்துவிட்டால் சிக்கல் தொடங்குகிறது. மின்கலத் தொகுப்புக்குள் கலத்துக்குக் கலம் வெப்பநிலை வேறுபாடு 5 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. கடையில் வாங்கும் சாதாரண கே வகைத் தெர்மோகப்பிள் என்னும் வெப்பநிலை உணரியின் பிழை வரம்போ ±2.2 டிகிரி, டி வகை என்றாலும் ±1 டிகிரி. அளவுத்திருத்தம் செய்யாமல் அவற்றை 18650 என்னும் உருளை வடிவக் கலங்களின் மேல் ஒட்டி, வேறுபாடு 5 டிகிரியிலிருந்து 3 டிகிரியாகக் குறைந்தது என்று எழுதினால், அந்த 2 டிகிரி உங்கள் கருவியின் பிழையா குளிர்விப்பின் பலனா என்று தேர்வாளர் கேட்பார். பதில் சொல்ல, நிலையான வெப்பநிலைத் தொட்டியும் ஒப்பீட்டுக்கு ஒரு பிளாட்டினம் மின்தடை வெப்பமானியும் ஆய்வகத்தில் இருக்க வேண்டும். மின்கலத்தைக் குறித்த வேகத்தில் மின்னேற்றி இறக்கும் சைக்ளர் இல்லாமல் இந்த ஆய்வே இல்லை. இவற்றை ஒவ்வொன்றாக டெண்டர் விட்டு வாங்கும் துறையில் சேர்ந்தால் உங்கள் உதவித்தொகைக் காலத்தின் கணிசமான பகுதி கொள்முதல் கோப்புகளிலேயே கழிந்துவிடும். ஐந்து ஆண்டுகளோடு உதவித்தொகை நின்றுவிடுவது வழக்கம் என்பதை நினைவில் வையுங்கள்.

பதில் 3: பகுதிநேர_ஆய்வாளர்

சகோதரரே, பகுதிநேரமாக முடித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அது முடியாத காரியம் அன்று. ஆனால் என் ஆய்வு முழுவதும் கணினி வழியிலானது. பகல் முழுக்க வகுப்பும் அங்கீகாரக் கோப்பு வேலையும் இருந்த நாட்களிலும் இரவில் கணக்கீட்டை ஓடவிட்டுவிட்டுத் தூங்க முடிந்தது. செய்முறை ஆய்வில் அப்படிச் செய்ய இயலாது. கல்லூரி தரும் தடையின்மைச் சான்றிதழில், ஆய்வுக்குப் போதிய நேரம் தரப்படும் என்றும், கோர்ஸ் ஒர்க் என்னும் பாடங்களைப் படித்து முடிக்கத் தேவைப்பட்டால் பணியிலிருந்து விடுவிக்கப்படும் என்றும் இருக்க வேண்டும் என்பது விதி. காகிதத்தில் எல்லோரும் கையெழுத்திடுவார்கள். உங்கள் துறையில் ஏற்கெனவே பகுதிநேரம் செய்பவருக்கு அந்த நேரம் உண்மையில் கிடைக்கிறதா என்று பாருங்கள். முழுநேரமாகச் சேர முடிவு செய்தால், கல்லூரி அலுவலகத்தில் உங்கள் அசல் சான்றிதழ்கள் இருக்குமானால் அவற்றை முதலில் திரும்பப் பெறுங்கள். சேர்க்கை நாளில் அவற்றைக் கேட்பார்கள்.

கொங்கு_மெக்கானிக்கல்

மூவருக்கும் நன்றி. எங்கள் கல்லூரியில் சைக்ளர் இல்லை. பகுதிநேரத்தில் இதே தலைப்பைக் கணினி வழியில் மட்டும் செய்தால் ஏற்பார்களா?

வெப்பச்சோதனை

ஏற்பார்கள், ஆனால் சரிபார்ப்பு வலுவாக இருக்க வேண்டும். பாய்மக் கணக்கீட்டு மென்பொருளான ஓப்பன்ஃபோம் இலவசம் என்பதால் மென்பொருள் உரிமச் செலவு ஒரு தடையாக இராது. உருகுதலுக்கு, கா, விஸ்காந்தா என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் வெளியிட்ட காலியம் உலோக உருகல் சோதனையோடு உங்கள் நிரலை முதலில் ஒப்பிடுங்கள். இந்தத் துறையில் பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள். கலம் வெளியிடும் வெப்பத்துக்கு 1985-இல் வந்த பெர்னார்டி சமன்பாடு போதும், எனினும் அதற்கு வேண்டிய அக மின்தடையும், வெப்பநிலையோடு கலத்தின் மின்னழுத்தம் மாறும் அளவைக் குறிக்கும் என்ட்ரோபிக் குணகமும் நீங்கள் வாங்கும் கலத்துக்கே உரிய அளவீடுகளாக இருக்க வேண்டும். எனவே சைக்ளர் உள்ள ஒரு துறையின் பேராசிரியர் இணை நெறியாளராக இருக்கச் சம்மதிப்பாரா என்று பதிவுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். அப்படி ஒருவரும் கிடைக்காவிட்டால், என் கருத்தில், முழுநேரத்துக்கே விண்ணப்பியுங்கள். ஐ.ஐ.டி.களில் பொதுவாக ஜூலை, ஜனவரி என ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை நடக்கிறது. நேர்முகத் தேர்வில் உங்கள் எம்.இ. ஆய்வைவிட நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், அடிப்படை வெப்ப இயக்கவியல் ஆகியவற்றையே அதிகம் கேட்பார்கள் என்பதால், படிப்பை அங்கிருந்து தொடங்குங்கள்.