மறு: ‘அக்ரெசிவ் ஆஞ்சியோமிக்சோமா’ – தமிழில் எப்படி?

வணக்கம்.

பெரும்பாலும் பெண்களின் பிறப்புறுப்பைச் சுற்றியும் இடுப்புக்குழியிலும் வரும் அரிய கட்டி இது. நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் இதற்கு ‘மூர்க்க நாளச் சளிக்கட்டி’ என்று நேற்று வந்த பரிந்துரையைப் பார்த்தேன். உழைப்பு தெரிகிறது, ஆனால் மூன்று சொல்லுமே எனக்கு உறுத்துகின்றன.

முதலில் ‘மூர்க்க’, அதாவது ‘அக்ரெசிவ்’. 1983-இல் நோயியல் மருத்துவர்கள் ஸ்டீப்பரும் ரோசாயும் இந்தக் கட்டியை விவரித்தபோது அந்த அடைமொழி வந்தது, இது பக்கத்துக் கொழுப்புக்குள்ளும் தசைக்குள்ளும் எல்லை தெரியாமல் ஊடுருவி, வெட்டியெடுத்த இடத்திலேயே சில வருடம் கழித்தும் தலைகாட்டுவதால்தான். மற்றபடி மெதுவாக வளர்வது. வேறு உறுப்புக்குப் பரவுவது மிக மிக அரிது. நாற்பது வயதுப் பெண் ஒருவர் தன் அறிக்கையில் ‘மூர்க்க’ என்று படித்தால் அன்றிரவு தூங்குவாரா?

‘ஆழ்’ போதும். ஆங்கிலத்திலும் ‘டீப் ஆஞ்சியோமிக்சோமா’ என்று அந்தப் பெயர் உண்டு, தோலோடு நிற்கும் மேலோட்ட வகையிலிருந்து இதைப் பிரித்தும் காட்டும். வெளியே பெண்குறி இதழோரத்தில் மெத்தென்று ஒரு வீக்கம், பார்த்தோலின் நீர்க்கட்டி (யோனி வாயிலருகே உள்ள சுரப்பியில் வருவது) என்றோ குடலிறக்கம் என்றோ நினைத்துக் கீறினால் நீர் வராது, எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் கட்டியின் பெரும்பகுதி இடுப்புக்குழிக்குள் ஏறியிருப்பதும், உள்ளே சுழி சுழியாக வரிகள் ஓடுவதும் தெரியும். அறுவைக்கு முன்பே தெரிய வேண்டிய விஷயம் அது, பெயரிலேயே இருக்கட்டும்.

‘மிக்சோ’வுக்குச் ‘சளி’ வேண்டாம், மூக்குதான் நினைவுக்கு வருகிறது. இழுதுமீனில் (ஜெல்லிமீனில்) இருக்கும் ‘இழுது’ சரியாக வரும், வெட்டிய பரப்பு அப்படித்தான் வழவழவென்று மினுங்கும். ‘ஆஞ்சியோ’வுக்கு ‘நாளம்’ என்றால் நாளமில்லாச் சுரப்பியோடு குழம்பும். ஆகவே என் ஓட்டு: ஆழ் குருதிக்குழல் இழுதுக்கட்டி.

---

அக்கா, ‘இழுது’ அருமை. நீளம் கொஞ்சம் கூடுதல்தான், பரவாயில்லை.

அப்புறம் ஒன்று. ‘திரும்ப வருதல்’, ‘பரவுதல்’ இரண்டுக்கும் நம் பட்டியலில் ‘பரவல்’ என்றே இருக்கிறது! இந்தக் கட்டிக்கு அது பெரும் பிழை. முன்னதை ‘மீள்தோற்றம்’ என்று மாற்றலாமா? சிகிச்சையே அதை வைத்துத்தான் நடக்கிறது: முழுதாக எடுக்கப்போய் மலக்குடலோ சிறுநீர்ப்பையோ சேதமாகும் என்றால் கொஞ்சம் விட்டுவைத்துக் கண்காணிப்பார்கள், கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்தப் பெண் ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) இருந்தால் ஹார்மோனை அடக்கும் ஊசியால் சுருக்கியும் பார்ப்பார்கள்.

---

மாற்றிவிடுங்கள். ‘ஏற்பி’யும் பட்டியலில் இல்லை, சேர்த்துவிடுங்கள்.