உப்புக் காத்துல ஓடுற காரை டிராக் டேக்குத் தயார் பண்றது எப்படி?

உச்சிப்புளி:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். ஸ்விஃப்ட் பெட்ரோல், 5 வருஷம். தினமும் மண்டபம்–ராமநாதபுரம் ஓட்டம், லீவு நாள்ல தனுஷ்கோடி. அடுத்த மாசம் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேல டிராக் டே, அதாவது சொந்தக் காரை ரேஸ் டிராக்ல ஓட்டிப் பார்க்கிற நாள். இன்ஜினைத் தொடப் போறதில்லை. பிரேக், டயருக்கு என்ன செய்யணும்? அதே கார்லதான் வீடு திரும்பணும்.

கீழக்கரை:
தம்பி, முதல்ல பிரேக் ஆயில். டாட்ங்கிறது அதோட தர அளவு. டாட் 3 புதுசா இருக்கும்போது 205 டிகிரியிலதான் கொதிக்கும்; ஈரம் இழுத்துட்டா 140க்கு இறங்கிடும். கொதிச்சா குழாய்க்குள்ள ஆவிக் குமிழ், பெடல் தரை வரைக்கும் போயிடும். டாட் 4 போடுங்க: 230, ஈரத்தோட 155. சீல் உடைக்காத 1 லிட்டர் போதும். டாட் 5ங்கிறது சிலிகான், அதை ஊத்திடாதீங்க. பழைய ஆயிலையும் குழாய்க்குள்ள இருக்கிற காத்தையும் எந்தச் சக்கரத்துல இருந்து எடுக்க ஆரம்பிக்கணும்னு மேனுவல்ல இருக்கும். காத்து எடுக்கும்போது மேல இருக்கிற பிரேக் ஆயில் டப்பா காலியாகக் கூடாது. காலியானா திரும்ப முதல்ல இருந்துதான்.

நம்ம கரையில காத்து எடுக்கிற நிப்பிள் துருப்பிடிச்சு இறுகிப் போயிருக்கும். அவசரப்பட்டு ஸ்பேனர் போட்டா ஒடிஞ்சிடும். முந்தின ராத்திரியே துரு இளக்குற ஆயில் விட்டு வைங்க. காலிப்பரை (பேடை டிஸ்க்ல அழுத்திப் பிடிக்கிற பாகம்) கழட்டி, அது நகர்ற ரெண்டு பின்னையும் உருவிப் பாருங்க. கையால தள்ளி நகரலைன்னா உள்பக்க பேட் மட்டும் தேயும், ஒரு சக்கரம் மட்டும் சூடேறும். துடைச்சு, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் தடவுங்க. சாதா கிரீஸ் ரப்பரை ஊத வச்சிடும்.

அடியில போற இரும்புக் குழாயைக் கிளிப் பிடிச்சிருக்கிற இடத்துல பாருங்க. உப்பு மண்ணு தங்குறது அங்கதான். துரு செதில் செதிலா உரிஞ்சா குழாயை மாத்தாம டிராக்குக்குப் போகவே வேணாம். இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தொண்டி:
டயர்: குளிர்ந்திருக்கும்போது கதவோரம் ஒட்டியிருக்கிற அளவுக்குக் காத்து. நாலஞ்சு சுத்துல 6 பிஎஸ்ஐ வரை ஏறலாம். பிட்டுக்குள்ள (டிராக் ஓரம் வண்டி நிறுத்துற இடம்) வந்ததும் சூட்டோட அளந்து கூடுதலை இறக்குங்க, ஊருக்குக் கிளம்புமுன்ன ஆறின டயர்ல திரும்ப ஏத்துங்க. மறந்துடாதீங்க. சக்கர நட்டை மேனுவல் சொல்ற அளவுக்கு டார்க் ரெஞ்ச்ல (இறுக்குற அளவு காட்டுற ஸ்பேனர்) இறுக்கி, முதல் ஓட்டம் முடிஞ்சு ஆறினதும் இன்னொரு தடவை பாருங்க.

இன்ஜின் ஆயில் மேல் கோட்டுக்கு இருக்கட்டும், தாண்ட வேண்டாம். ரேடியேட்டர் இடுக்குல மணல் இருக்கும். இன்ஜின் பக்கமிருந்து வெளியே மெதுவாத் தண்ணி விட்டுக் கழுவுங்க. கூலண்ட் குறைஞ்சா நம்மூரு போர்த் தண்ணி கூடவே கூடாது, உப்பு உள்ள படிஞ்சிடும். ரெடி மிக்ஸ் கூலண்ட் வாங்குங்க.

இழுக்குற கொக்கியை இப்பவே திருகிப் பாருங்க, மரை துருப்பிடிச்சிருந்தா அங்க போய் ஏறாது. கால்மிதி, ஜாக்கி, தண்ணி பாட்டில் எல்லாம் வெளியே.

உச்சிப்புளி:
நன்றிண்ணே. புது பேட் போட்டா, அது டிஸ்க்கோட சரியாப் பொருந்துற மாதிரி எங்க ஓட்டிப் பதம் பண்றது?

கீழக்கரை:
பாம்பன் பாலம் பக்கம் வேண்டாம். விடியக்காலையில ஆளில்லாத நேர் ரோடு, பின்னால வண்டி வரலைன்னு பார்த்துட்டு 60லருந்து 10 வரைக்கும் எட்டு, பத்து தடவை. முழுசா நிக்காதீங்க, சூட்டுல பேட் டிஸ்க்ல ஒட்டிப் பதியும். ஈசிஆர்ல ஆடு மாடு குறுக்க வரும், கவனம். அப்புறம் பத்து நிமிஷம் பிரேக்கை ரொம்பத் தொடாம ஓட்டி ஆற விடுங்க. டிராக்லயும் கடைசிச் சுத்து அப்படித்தான். நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் போடாம கியர்ல விட்டு, சக்கரத்துக்குக் கல்லு வைங்க.