காசிமேட்டுக் கல்லறைப் படங்களைப் பார்த்ததும்

அன்பான அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

கல்லறைத் திருநாளன்று காசிமேட்டில் எடுத்த படங்களை அனுப்பிய அண்ணனுக்கு முதலில் நன்றி. அதில் ஒரு படத்தின் ஓரத்தில் தெரிவது எங்கள் அம்மாவின் கல்லறை. புதுசாகச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தியை உதிர்த்துத் தூவி, தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறது. இந்த வருஷம் எங்கள் வீட்டில் யாருமே ஊரில் இல்லை. போன் போட்டு விசாரித்தேன். எதிர்வீட்டு அக்கா தன் மாமியார் கல்லறைக்கு வேலை செய்ய வந்தவர், வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் அம்மாவுக்கும் செய்துவிட்டு வந்திருக்கிறார். அக்கா ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), வருஷம் தவறாமல் பெரம்பூர் லூர்து மாதா கோயில் திருவிழாவுக்குப் போகிறவர். அம்மா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). எங்கள் வீட்டில் மெழுகுவத்தி வைக்கும் பழக்கம் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். "உங்கம்மா இருட்டுல கெடக்கணுமா?" என்று கேட்டார். என்னால் பதில் பேச முடியவில்லை.

எல்லாச் சபைக்காரர்களும் ஒன்று என்று மேடையில் பேசிக் கேட்டிருக்கிறோம். நம் தெருக்களில் அதைச் செய்து காட்டியவர்களுக்கு யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

இது சும்மா வந்துவிடவில்லை. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி பார்க்கக் கூடாது, எல்லாரும் சேர்ந்து உட்கார வேண்டும், சேர்ந்து நற்கருணை வாங்க வேண்டும் என்று கண்டிப்பாக எழுதினார். நமக்குப் பக்கத்திலிருக்கும் வேப்பேரியிலேயே அதை ஏற்காமல் சபையை விட்டுப் போனவர்கள் உண்டு. ஒரே பாத்திரத்தில் இன்னொருவருக்குப் பிறகு வாய் வைக்க மனசு வரவில்லை. அந்தப் புத்தி இன்னும் முழுக்கப் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் 1910-இல், எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார், பிற்பாடு ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப்பான நம் வேதநாயகம் அசரியா. 1919-இல் தரங்கம்பாடியில் சபைகளின் ஐக்கியத்துக்கு அடி போட்டவர்களிலும் அவர் ஒருவர். பேச்சு 28 வருஷம் இழுத்தது. கடைசியில் 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனது. அதைப் பார்க்க அசரியா இல்லை; 1945-இலேயே காலமாகிவிட்டார். நம்மில் பாதிப் பேர் பிறந்தது ரெய்னி ஆஸ்பத்திரியில்தானே, அதைக் கட்டிய ஸ்காட்லாந்து மிஷன் வழி வந்த சபைகளும் அந்த ஐக்கியத்தில் உண்டு.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அப்பாவின் சொந்தங்கள் தெற்கே. அம்மா வியாசர்பாடி. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் அம்மாவின் தாய்வீட்டு வாசலை மிதித்ததில்லை. காரணம் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் அடக்கத்துக்கு வந்தார்கள். சாமியானாவுக்குக் கீழே எங்கள் சபைப் போதகர் ஐயர் ஜெபம் செய்தார், பக்கத்துப் பங்கு ஃபாதர் வந்து ஜெபித்தார், பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற சின்னம்மா கைதட்டிப் பாடினார், கூடவே எல்லாரும் பாடினோம். மாமா ஒவ்வொரு நாற்காலியாக டீ கொண்டுபோனார். பெரியப்பா முறை வந்ததும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பெரியப்பா டம்ளரை வாங்கி, மாமாவைப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுக் குடித்தார். பெட்டியைத் தூக்கும்போது இரண்டு பேரும் ஒரே பக்கம் தோள் கொடுத்தார்கள். அந்த ஒரு நாளுக்காக நான் சாகும்வரை கர்த்தருக்குக் கடன்பட்டவன்.

நான் இப்போது இருக்கும் கத்தாரில், தோஹாவில் எல்லாச் சபைகளுக்கும் மெசைமீரில் ஒரே வளாகம். அமீர் கொடுத்த நிலம். 2008-இல் ஜெபமாலை மாதா கோயில் திறந்தார்கள். வெளியே சிலுவை கிடையாது, மணி கிடையாது. வெள்ளிக்கிழமைதான் நமக்கு ஞாயிறு. லேபர் கேம்பிலிருந்து பஸ்ஸில் வரும் தம்பியும் ஆயில் கம்பெனி இன்ஜினியரும் கேட்டில் ஒரே வரிசை. எங்கள் தமிழ் ஆராதனையில் நாகர்கோவில், தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு எல்லாம் உண்டு. போன மாசம் வேலை போன ஒரு பையனுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தது மார்த்தோமா சபையைச் சேர்ந்த ஒரு மலையாளக் குடும்பம். எந்தச் சபை என்று அவர்கள் கேட்கவே இல்லை.

சரி, ஒரு வேண்டுகோள். டிசம்பரில் கத்தாரிலிருக்கும் நம் ஊர்க்காரர்கள் எல்லாரும், எந்தச் சபையானாலும், சேர்ந்து கேரல் பாடலாம் என்று நினைக்கிறோம். ஆர்.சி. பாட்டு பாதி, நம் கீர்த்தனை பாதி. கீபோர்டுக்கு ஆள் இருக்கிறது, தபேலாவுக்குத்தான் இல்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்த மடலுக்கே பதில் போடுங்கள்.

அன்புடன்,
கல்மண்டபத்துத் தம்பி, தோஹா