ஸ்டன் கன்: எப்போது அடிப்பது நியாயம்?

கொழிஞ்சாம்பாறை வாசி:
வாளையாறு சோதனைச்சாவடியில் ஒரு லாரி டிரைவர் இறங்க மாட்டேன் என்று கத்துகிறார், கையில் ஆயுதம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். போலீஸ் டேசர் (கம்பி கட்டிய இரண்டு முட்களைச் சுட்டு உடம்பில் மின்சாரம் பாய்ச்சும் ஸ்டன் கன்) அடித்தால் நியாயமா? லத்தியைவிடத் தேவலை என்கிறார்களே?

புனலூர்த் தமிழன்:
இல்லைங்க. அரிவாளை ஓங்கிக்கொண்டு வருபவனுக்குச் சரி, வாயால் கத்துபவனுக்கு இல்லை. கைதானவரைத் தப்பிக்காமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது பி.என்.எஸ்.எஸ். (நம் குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 46-ஆம் பிரிவு. அமெரிக்காவில் பிரையன் வழக்கைப் பாருங்கள்: சீட் பெல்ட் போடாததற்கு நிறுத்தப்பட்டவர், வெறுங்கையோடு சுமார் 20 அடி தள்ளி நின்றார். டேசர் பட்டு முகங்குப்புற விழுந்ததில் நாலு பல் உடைந்தது. மிகையான பலப்பிரயோகம் என்றது 2010 தீர்ப்பு. அதிகாரியை மட்டும் வழக்கிலிருந்து விடுவித்துவிட்டது, அது வேறு கூத்து!

சித்தூர் எலெக்ட்ரீஷியன்:
லாரி கேபினில் இருப்பவனை அடித்தால் தலைகுப்புற விழுவான். கால்வாய்க் கரை என்றால் மூழ்குவான். டீசல், பெட்ரோல் கசிந்திருந்தால் பொறி போதும். இரண்டு முள்ளும் உடம்பில் தைத்தால்தான் மின்சுற்று முடியும். எக்ஸ்26 என்ற டேசர் மாடலில் 7 அடி தூரத்துக்கு 1 அடி வீதம் முட்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். மிக அருகில் அடித்தால் முட்கள் நெருங்கி விழும், தசை முடங்காது, வலி மட்டும்தான். உடனே மறுபடி விசையை அழுத்துவார்கள், வினை அங்கேதான். ஒரு அழுத்தத்துக்கு 5 விநாடி, அதற்குள் விலங்கு மாட்ட ஆள் தயாராக நிற்க வேண்டும். குறி முதுகுதான்; தலை, கழுத்து, நெஞ்சு கூடாது.

கொழிஞ்சாம்பாறை வாசி:
முள் இல்லாமல் உடம்பில் நேராக வைத்து அழுத்துவது?

புனலூர்த் தமிழன்:
அது வெறும் வலி. விலங்கு போட்ட பிறகு செய்தால் சித்திரவதைதான்.