ஆக்சிஜன் 90 என்றதும் நெட் போய்விட்டது

பென்னாகரம் நர்ஸ்:
2021 மே. கொரோனா காய்ச்சல் கொட்டகையில் டூட்டி. ட்ரையாஜ் (நோயின் தீவிரம் பார்த்து ஆட்களைப் பிரிப்பது) நேரலை வகுப்பை மாடிப்படியில் நின்று போனில் பார்த்தேன். '90' என்ற ஸ்லைடு வந்ததும் சிக்னல் அவுட். யாரை உடனே உள்ளே அனுப்புவது?

பாலக்கோட்டிலிருந்து:
அக்கா, ஆக்சிஜன் அளவு 94க்குக் குறையாமல், மூச்சுத்திணறலும் இல்லையென்றால் லேசானது. 90 முதல் 93 வரை வார்டு. 90க்குக் கீழே போனால் உடனே டாக்டர். மூச்சையும் முழு நிமிடம் எண்ணுங்கள். 24 வந்தாலே லேசானதில்லை. (நான் அரை நிமிடம் எண்ணித் திட்டு வாங்கினேன்.)

அரூர்க்காரி:
விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் மெஷினை மட்டும் நம்பாதீங்க. நேற்று ஒரு பாட்டிக்கு 86 காட்டியது, விரல் ஐஸ்கட்டி. தேய்த்துச் சூடாக்கி மாட்டினால் 95! நகப்பூச்சு இருந்தாலும் வேறு விரல் பாருங்கள்.

பென்னாகரம் நர்ஸ்:
சரி, நாளைக்கு வீடியோவை அணைத்துவிட்டுச் சத்தம் மட்டும் கேட்கிறேன்.